பெட்ரோல் இலை ஊதி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் வீடு வாங்கிய தமிழர்களுக்கு அக்டோபர் பிறந்தால் இரண்டு வேலை நிச்சயம். ஒன்று தீபாவளிப் பலகாரம், இன்னொன்று முற்றம் முழுக்கக் கொட்டிக் கிடக்கும் மேப்பிள், ஓக் இலைகள். இலைகளை ஊதித் தள்ளக் கராஜ் மூலையிலிருந்து ப்ளோவரை எடுத்தால், போன டிசம்பரில் நன்றாக ஓடிய மெஷின் இப்போது ஒரு இருமல்கூட இருமாது.

கையில் பிடிக்கிற, முதுகில் மாட்டுகிற, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் ப்ளோவர்களுக்கு இந்த வழிமுறை பொருந்தும். உங்கள் மெஷினிடம் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். மெஷினோடு நிறுத்தாமல் உங்கள் உடம்பும் பக்கத்து வீடும் காட்டுகிற அறிகுறிகளையும் சேர்த்திருக்கிறேன். அவற்றுக்கும் காரணம் உண்டு, தீர்வும் உண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைவிட அவைதான் முக்கியம் என்பது என் கட்சி.

எதையும் கழற்றுவதற்கு முன் என்ஜினை அணைத்து, சைலன்சர் ஆறியபின், பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் கேப்பைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். வேலையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். இங்கே பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜிலேயே இருக்கிறது. அதன் சுடர் வரைக்கும் ஆவி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எத்தனை தடவை இழுத்தாலும் உயிர் வரவில்லை

முதலில் ஸ்விட்ச். அது அணைந்த நிலையில் இருந்தால் நாள் முழுக்க இழுத்தாலும் பொறி வராது.

அடுத்து பெட்ரோல். கராஜில் தூங்கிய ப்ளோவர் கிளம்பாவிட்டால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். அமெரிக்க பம்புகளில் வரும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் ஃபில்டர் கிடப்பதும் அடியில்தான். ஆகவே கார்புரேட்டருக்குப் போவது முதலில் அந்தக் கலவை. பழைய பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தாலோ, நிறம் கறுத்திருந்தாலோ, வார்னிஷ் வாடை அடித்தாலோ அது உதவாது. சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுவது நல்லது. கலந்த பெட்ரோலை 30 நாளுக்கு மேல் நம்பாதீர்கள் என்றுதான் பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன.

புதிதாகக் கலக்கும்போது இப்போதைய மெஷின்களில் பலவற்றுக்கும் 50:1 கணக்கு, அதாவது ஒரு லிட்டருக்கு 20 மில்லி ஆயில். ஒரு அமெரிக்க கேலனுக்கு 2.6 அவுன்ஸ். பழைய மெஷின்கள் 40:1 அல்லது 32:1 கேட்கும், டேங்க் மூடியைப் பாருங்கள். பங்கில் 2டி ஆயில் ஊற்றச் சொல்லி டிவிஎஸ் 50-க்கு பெட்ரோல் போட்டவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. காருக்கு ஊற்றும் என்ஜின் ஆயில் இதற்கு ஆகாது. ஆயில் டப்பாவில் ஜாசோ எஃப்டி அல்லது ஐஎஸ்ஓ ஈஜிடி என்ற தர முத்திரை இருந்தால் போதும். பெட்ரோல் 89 ஆக்டேன், எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பம்பில் ஈ15, ஈ85 என்று எழுதியிருக்கும், எத்தனால் அதிகம் கலந்த குழாய்கள் மலிவாகத் தெரியும், அவை நம் ஆளுக்கு விஷம். வருடத்துக்கு இரண்டு மூன்று வாரம்தான் ஊதுகிறீர்கள் என்றால், எத்தனால் இல்லாமல் ஆயில் கலந்தே டப்பாவில் விற்கிற எரிபொருளை வாங்கிவிடுங்கள். விலையைப் பார்த்தால் வயிறு எரியும்தான். ஆனால் ஒரு தடவை கார்புரேட்டர் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் எரிச்சல் அடங்கிவிடும்.

பெட்ரோல் புதியது, இன்னும் கிளம்பவில்லை. இப்போது பிரைமர் பல்பைப் பாருங்கள். ஏழெட்டு தடவை அழுத்தினால் அந்த ரப்பர் குமிழுக்குள் பெட்ரோல் நிறைய வேண்டும். இதை அதிகம் அழுத்தினால் ஓவர்ஃப்ளோ ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலான ப்ளோவர்களில் அது பெட்ரோலைக் கார்புரேட்டர் வழியாக இழுத்து டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது, பயம் வேண்டாம். குமிழில் வெறும் காற்றுதான் வருகிறது என்றால் உள்ளே போகும் சின்ன குழாய் வெடித்திருக்கும், அல்லது டேங்குக்குள் ஃபில்டர் கழன்றிருக்கும். எத்தனால் பட்டுப் பட்டு அந்தக் குழாய் விறைத்து ஒடியும். வளைத்த கம்பியால் ஃபில்டரைத் தூண்டில் போட்டு வெளியே எடுத்துப் பார்க்கலாம். ஃபில்டர், குழாய் இரண்டும் சில டாலர் சமாச்சாரம், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பிறகு சோக், அதாவது உள்ளே போகும் காற்றை மூடித் திறக்கும் நெம்பு. குளிர்ந்த மெஷினுக்குச் சோக்கை மூடிவிட்டு இழுக்க வேண்டும். நாலைந்து இழுப்புக்குள் ஒருமுறை "டுப்" என்று இருமும். அந்த இருமலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள். கேட்டவுடன் சோக்கைத் திறந்துவிட்டு மறுபடி இழுத்தால் ஓடத் தொடங்கும். இருமலைக் கவனிக்காமல் சோக் மூடியபடியே பத்துப் பதினைந்து தடவை இழுப்பதால்தான் பாதி ப்ளோவர்கள் ஓவர்ஃப்ளோ ஆகின்றன. அப்படி ஆகி பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் சோக்கை முழுதும் திறந்து, ஆக்சிலரேட்டர் விசையை முழுக்க அழுத்திப் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு தடவை இழுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, மெஷினைப் பத்து நிமிடம் ஆறப்போட்டு, திரும்ப மாட்டுங்கள்.

பிளக்கைக் கழற்றியதும் அதன் முனையை நன்றாகப் பாருங்கள், உள்ளே நடப்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். காப்பிப் பொடி நிறம் என்றால் எல்லாம் சரி. கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகவோ, காற்று குறைவாகவோ போகிறது. வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இதை அலட்சியப்படுத்தாதீர்கள். பிளக் முனையின் இடைவெளி மெஷினைப் பொறுத்து 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர். பொறி வருகிறதா என்று சோதிக்க பிளக் துளைக்குப் பக்கத்திலேயே வைத்து இழுக்கும் பழைய ஊர்ப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கடையில் கிடைக்கும் ஸ்பார்க் டெஸ்டர் மலிவானது. அதையும் வாங்க மனமில்லை என்றால் நேராகப் புது பிளக் மாட்டிப் பாருங்கள்.

கிளம்புகிறது, ஒரு நிமிடத்தில் அணைகிறது

அணைந்த உடனே டேங்க் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, மூடியைத் தளர்த்தியதும் மறுபடி கிளம்புகிறது என்றால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டருக்கு வரத்து நின்றுவிடுகிறது. சிலவற்றில் துளை மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் தனிக் குழாயாக இருக்கும். சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். மூடியைத் தளர்த்தியபடியே ஓட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள். முதுகில் மாட்டும் மெஷினில் அது பெட்ரோலை உங்கள் இடுப்பில் ஊற்றிக்கொள்கிற வேலை.

துளை சரியாக இருந்தால் ஃபில்டர். அதுவும் சரி என்றால் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரம் தாள் விறைத்துப்போயிருக்கும். பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி நுண்துளைகளையும் அடைத்திருக்கும். கை வந்தவர்கள் கிட் வாங்கி மாற்றலாம். மற்றவர்கள் மாடல் எண் பார்த்து முழுக் கார்புரேட்டரையே மாற்றுவது நேரத்துக்கு லாபம். கலவைத் திருகுகளை மட்டும் கைபோன போக்கில் திருக வேண்டாம். பெட்ரோல் குறைவாகப் போகும்படி வைத்துவிட்டால் மெஷின் சுறுசுறுப்பாகத்தான் ஓடும், பிஸ்டன் உருகும் வரை.

மெதுவாக ஓடுகிறது, முடுக்கினால் திணறுகிறது

ஐடிலில் ஒழுங்காக நின்று, விசையை அழுத்தியதும் "ம்ம்ம்" என்று முனகி வேகம் ஏறாமல் இருந்தால் சைலன்சர் வாயிலில் இருக்கும் பொறி தடுப்பு வலையைச் சந்தேகப்படுங்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத கம்பி வலை அது. ஆயில் கரி படிந்து அடைத்தால் புகை வெளியேற வழியில்லாமல் என்ஜின் மூச்சு முட்டும். பலரும் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டி ஓய்ந்தபின்தான் இந்த வலையை நினைக்கிறார்கள். கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள், ஓட்டை விழுந்திருந்தால் புதிது போடுங்கள். அது இல்லாமலே நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. காய்ந்த இலைக்குவியல் நடுவில் நெருப்புப் பொறி துப்பும் மெஷினோடு நிற்பது நீங்கள்தான். கலிபோர்னியாவில் காடு, புதர் சூழ்ந்த நிலங்களில் பொறி தடுப்பு இல்லாமல் இப்படிப்பட்ட என்ஜினை ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

ஏர் ஃபில்டரையும் கையோடு பாருங்கள். பஞ்சு வகையைச் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காய வையுங்கள். தாள் வகையைத் தட்டித் தூசி உதிர்க்கலாம், கழுவக் கூடாது.

புகை மண்டுகிறது

கிளம்பிய முதல் அரை நிமிடம் நீலம் கலந்த வெண்புகை வருவது இயல்பு. தொடர்ந்து வந்தால் ஆயில் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது சோக் பாதி மூடியிருக்கிறது. ஆயில் கொஞ்சம் கூடினால் புகைதான் வரும். ஆயிலே இல்லாவிட்டால் என்ஜின் போய்விடும். ஆகவே புகையே இல்லாமல் அபூர்வமாக நன்றாக ஓடுகிறது என்றால்தான் நான் பயப்படுவேன். கேனில் ஆயில் கலந்தோமா என்ற சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். வெறும் பெட்ரோல் தடமில்லாமல் ஆவியாகும், கலந்தது எண்ணெய்க் கறை விட்டுப்போகும். கலந்த தேதியையும் கணக்கையும் கேன் மேல் மார்க்கரில் எழுதி வைத்தால் இந்தச் சோதனையே தேவைப்படாது. கேன் சிவப்பு நிறமாக இருக்கட்டும். இங்கே மண்ணெண்ணெய்க்கு நீலம், டீசலுக்கு மஞ்சள்.

கயிறு இழுபடவே மறுக்கிறது

பிளக்கைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். அப்போது லேசாக வந்தால் உள்ளே பெட்ரோல் தேங்கியிருந்தது, அவ்வளவுதான். பிளக் இல்லாமலும் வரவில்லை என்றால் விசிறிக் கூட்டுக்குள் குச்சியோ கல்லோ சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது சக்தி குறைந்து நின்றது என்றால், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் பெட்ரோல் போட்டதன் விளைவு பெரும்பாலும் இதுதான். வீட்டில் சரிசெய்கிற வேலை இல்லை.

என்ஜின் ஜோர், காற்று மட்டும் வரவில்லை

காற்று உள்ளே போகும் வலையில் இலை அப்பியிருக்கும். அல்லது குழாய் இணைப்பு சரியாகத் திருகிப் பூட்டாமல் பாதிக் காற்று வழியிலேயே கசியும். என்ஜினை அணைத்துவிட்டுத்தான் வலையில் கை வைக்க வேண்டும். இந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் கிடையாது, விசிறி நேராக என்ஜின் தண்டிலேயே மாட்டியிருக்கும். ஐடிலில் நிற்கும்போதும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அதே காரணத்தால், துப்பட்டா, மஃப்ளர், ஹூடியின் தொங்கும் கயிறு, பின்னாத தலைமுடி எதுவும் காற்று இழுக்கும் பக்கம் போகக் கூடாது. குளிருக்குக் கழுத்தில் சுற்றிய துணியை வேலை தொடங்கும் முன் ஜாக்கெட்டுக்குள் திணித்துவிடுங்கள்.

கடகடவென்று ஆடுகிறது

திடீரென்று அதிர்வு கூடினால் உடனே அணையுங்கள். "இந்த மூலையை முடித்துவிட்டு" என்ற பேச்சே வேண்டாம். விசிறி இதழ் ஒன்று உடைந்திருந்தால் அடுத்தது எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. கூட்டைத் திறந்து பாருங்கள். விரிசல் தெரிந்தால் ஒட்டுவேலை கூடாது, புதிய விசிறிதான்.

ஸ்விட்சை அணைத்தும் நிற்க மாட்டேன் என்கிறது

சோக்கை மூடுங்கள், மூச்சடைத்து நின்றுவிடும். பிறகு ஸ்விட்சிலிருந்து போகும் சின்ன ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வழியை வீட்டில் ப்ளோவர் எடுக்கிற எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

தலை வலிக்கிறது, குமட்டுகிறது, காது இரைகிறது

மெஷினை அணைத்துவிட்டுத் திறந்த வெளிக்கு வாருங்கள். தலைவலியும் கிறுகிறுப்பும் கார்பன் மோனாக்சைடின் வேலையாக இருக்கலாம். கராஜுக்குள் குவிந்த இலையை ஊத, கதவைத் திறந்துவைத்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. நாற்றமோ நிறமோ இல்லாத அந்த வாயு திறந்த கதவு வழியாக உடனே போய்விடாது, வீட்டுக்குள்ளும் நுழையும். கராஜுக்குத் துடைப்பம்தான் சரி. வெளியே வந்தும் தெளியவில்லை என்றாலோ, மயக்கம் வந்தாலோ 911.

காதைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போனது திரும்பாது. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். பெட்ரோல் ப்ளோவரைப் பிடித்திருப்பவர் காதில் 100 டெசிபலைத் தொடுவது சகஜம். பெட்டியில் 65, 70 என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அது 50 அடி தள்ளி நின்று அளந்த கணக்கு, உங்கள் காது 50 அடி தள்ளி இல்லை. காதுக்குள் திணிக்கும் ஃபோம் பிளக், அதற்கு மேல் காதுக் கவசம் இரண்டும் போடுங்கள். பாட்டு கேட்கும் இயர்பட்ஸ் கவசம் ஆகாது. மெஷின் சத்தத்தை மீறிப் பாட்டை ஏற்றுவதால் கெடுதல் இரட்டிப்பாகும். வேலை முடிந்தபின் காதில் "ங்ங்" என்று இரைச்சல் தங்கிவிட்டால், அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள்.

விரல் நுனி மரத்து வெளுக்கிறதா? அதிர்வும் குளிரும் சேர்ந்து ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. தடித்த கையுறை போடுங்கள், பிடியை இறுக்காதீர்கள், நடுநடுவே நிறுத்திக் கையைச் சூடாக்குங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய சங்கதி.

கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி வேண்டும், சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது. தூசிக்கு என்95 முகக்கவசம், கொரோனா காலத்தில் வாங்கியது மிச்சம் இருந்தால் நல்லது. பறவைகள் கூட்டமாக அடைகிற இடத்துக்குக் கீழே காய்ந்த எச்சத்தை ஊதவே ஊதாதீர்கள். அதிலுள்ள பூஞ்சை நுரையீரலுக்குள் போனால் நோய் வரும். இலை அள்ளிய மறுநாள் கைகால் தடித்து அரித்தால், வேலியோரம் மூன்று மூன்று இலையாகப் படரும் பாய்சன் ஐவி சிக்கியிருக்கும். காய்ந்த இலையிலும் அதன் எண்ணெய் போகாது, உடுத்தியதைத் தனியாகத் துவையுங்கள்.

இன்னொன்று, சூடான மெஷினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஆறியபின் தரையில் வைத்து ஊற்றி, மூடியை இறுக்கி, சிந்தியதைத் துடைத்து, பத்தடியாவது தள்ளிப் போய்க் கிளப்புங்கள். பங்கில் கேன் நிரப்பும்போதும் காரின் டிக்கியில் வைத்து நிரப்பாமல் கீழே இறக்கி வையுங்கள். டிக்கியின் கம்பளத்தில் உண்டாகும் நிலைமின்சாரம் ஆவியைப் பற்றவைத்த விபத்துகள் நடந்திருக்கின்றன.

பக்கத்து வீட்டில் ஜன்னலைப் படாரென்று சாத்துகிறார்கள்

இதையும் கோளாறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முசுடுகள் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்.

நேரம் முதலாவது. ஊருக்கு ஊர் விதி வேறு, நகராட்சி இணையதளத்தில் சத்தக் கட்டுப்பாடு என்ற பகுதியில் இருக்கும். விதி காலை 7 மணிக்கு அனுமதித்தாலும் சனிக்கிழமை 9-க்கு முன் தொடங்காதீர்கள். ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். கைக்குழந்தை இருக்கிற வீடு, இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற நர்ஸ் வீடு பக்கத்தில் என்றால் முதல்நாள் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு அரை மணி நேரம் சத்தம் வரும், பரவாயில்லையா?" என்ற கேள்விக்கு இதுவரை யாரும் சண்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வேகம். காய்ந்த இலையைத் தார்ப்பாதையிலிருந்து தள்ள முழு வேகம் தேவையே இல்லை, பாதி விசை போதும். சத்தமும் தூசியும் கண்ணெதிரே குறையும். ஈரமான புல்தரையில் கொஞ்சம் முடுக்குங்கள், முடிந்ததும் இறக்குங்கள். பேசுவதற்கோ குப்பைத் தொட்டியை இழுத்து வருவதற்கோ நிறுத்தினால் அணைத்துவிடுங்கள். முனகிக்கொண்டே நிற்கவிடுகிற அந்தப் பத்து நிமிடம்தான் அக்கம்பக்கத்துக்கு அதிகம் எரிச்சல். டூ ஸ்ட்ரோக் சத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண்கள் நிறைய. அவை மூடிய ஜன்னலையும் சுவரையும் ஊடுருவிப் போகும், தெருக்கோடி வீட்டுக்கும் கேட்கும். அதனால்தான் ஜன்னலைச் சாத்தியும் அவர்களுக்குத் தீரவில்லை.

மூன்றாவது, எங்கே ஊதுகிறீர்கள். அடுத்தவர் எல்லைக்குள் தள்ளுவது வம்பு என்று எல்லோருக்கும் தெரியும். தெருவில் தள்ளுவதும் அதே அளவு தப்பு. இலைகள் மழைநீர் வடிகாலை அடைத்து முதல் மழைக்கே தெரு குளமாகும், ஈர இலையில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வழுக்கும். நாயோடு நடப்பவர், ஸ்ட்ரோலர் தள்ளுபவர் யார் 50 அடிக்குள் வந்தாலும் விசையை விட்டு, குழாயைக் கீழே திருப்பி, அவர்கள் கடந்தபின் தொடருங்கள்.

இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததில்லை. கலிபோர்னியாவின் கார்மல் நகரம் 1975-லேயே ப்ளோவர்களைத் தடை செய்தது. லாஸ் ஏஞ்சலஸ் 1998-ல் வீடுகளிலிருந்து 500 அடிக்குள் பெட்ரோல் ப்ளோவர் கூடாது என்றது. வாஷிங்டன் டிசியில் 2022 ஜனவரி 1 முதல் பெட்ரோல் ப்ளோவரைப் பயன்படுத்தவும் விற்கவும் தடை. கலிபோர்னியா மாநிலம் 2024 முதல் தயாராகும் சிறு என்ஜின்களில் புகை விடுபவற்றைப் புதிதாக விற்கவிடுவதில்லை. சத்தம் மட்டும் காரணமில்லை. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் உள்ளே போன பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. தொழில்முறை ப்ளோவரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமூட்ட மாசு, புதிய கார் ஒன்றைச் சுமார் 1,100 மைல் ஓட்டினால் வருவதற்குச் சமம் என்று அந்த மாநிலத்தின் காற்று வள வாரியம் கணக்கிட்டிருக்கிறது.

ஊதுகிறேன், இலை நகரவில்லை, அல்லது திரும்பி என் மேலேயே வருகிறது

மெஷினில் கோளாறு இல்லை. ஈர இலை தரையோடு ஒட்டிக்கிடக்கும், அதற்கு வாருகோல்தான். காலை ஆறு மணிப் பனி காயும் வரை பொறுத்தால் பாதி பெட்ரோல் மிச்சம், பக்கத்து வீட்டுத் தூக்கமும் மிச்சம். காற்றடிக்கும் திசையிலேயே தள்ளுங்கள். குழாய் முனை தரைக்குப் பக்கத்தில், கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும். பெரிய தார்ப்பாயை விரித்து அதன் மேல் சேர்த்து நான்கு மூலையையும் பிடித்து இழுத்துப் போவது, பைகளில் அள்ளி அடைப்பதைவிட எவ்வளவோ சுலபம்.

புல்தரையில் மெல்லிய அடுக்காகக் கிடப்பதை ஊதாமல் புல்வெட்டியை மேலே ஓட்டிவிட்டால் தூளாகி உரமாகும். பூச்செடிப் பாத்திகளில் கிடப்பதை விட்டுவிடுங்கள், குளிருக்கு அது போர்வை. சரளைக்கல் பாதையில் ப்ளோவர் எடுக்காதீர்கள். காரின் கண்ணாடி உங்களுடையதாகவே இருந்தாலும் செலவு செலவுதான். தீமூட்டிய குழி, பார்பிக்யூ சாம்பல் பக்கம் திருப்பவே கூடாது. சாம்பலுக்குள் கனல் மறுநாளும் உயிரோடு இருக்கும்.

பழுது பார்ப்பது வீண் என்று எப்போது முடிவெடுப்பது?

பெட்ரோல், பிளக், ஃபில்டர்கள், வலை எல்லாம் புதிது, அப்படியும் கிளம்பவில்லை என்றால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தைச் சோதியுங்கள். கைப்பிடி மெஷினில் ஸ்விட்சை அணைத்து, பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, பிளக்கை மட்டும் அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். பிறகு கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து, தரைக்குச் சற்று மேலே மெஷினைத் தொங்கவிடுங்கள். நின்று நின்று இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. தடையே இல்லாமல் சரசரவென்று இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்துவிட்டது. சைலன்சரைக் கழற்றி அந்தத் துளை வழியே பிஸ்டனை எட்டிப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கீறல் கோடுகள் தெரிந்தால் இனி செலவு செய்ய வேண்டாம். கால் ஏக்கர் வரை முற்றம் உள்ளவர்களுக்கு பேட்டரி ப்ளோவர் தாராளமாகப் போதும். பேட்டரி தீரும்போது உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

மெஷினை வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் சீசன் முடிவில் டேங்கைக் காலி செய்து, பிரைமரை அழுத்தி மிச்சத்தையும் வெளியேற்றி, தானாக அணையும் வரை ஓட்டிவிடுங்கள். ஆறியபின் பிளக்கைக் கழற்றி ஒரு சின்ன ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயிலைத் துளையில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுத்து, பிளக்கைத் திரும்ப மாட்டி வையுங்கள். வடித்த பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ மழைநீர் வடிகாலிலோ புல்லிலோ ஊற்றக் கூடாது. கவுன்டி நிர்வாகங்கள் வீட்டு அபாயக் கழிவுகளுக்கென்று சேகரிப்பு நாள் வைத்திருக்கும். மூடி இறுக்கிய சிவப்புக் கேனிலேயே வைத்து, "பழையது" என்று எழுதி, அந்த நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.